முகம் திருப்பியவர்

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. வாரம் முழுக்கச் சேர்ந்த துண்டுகளைச் சலூன்காரர் அன்றைக்குத்தான் வீட்டுப் பின்கட்டில் வெந்நீரில் ஊறப்போட்டு அலசுவார். மழை பிடித்து நான்கு நாளாயிற்று. கொட்டித் தீர்க்கவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. பிழிந்த துண்டுகளை எங்கே காயப்போடுவது என்று அவர் கொடியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை வந்து நின்றாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிப்பை, தோளில் வேறொரு பை.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா?" என்று சொல்லிவிட்டு, ஈரக்குடையை மடக்காமலேயே உள்ளே போனாள். அதிலேயே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். தங்கை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு என் மூஞ்சியே பிடிக்கலைண்ணே."

"மாப்ளைக்கா? யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? நான் வாயைத் திறந்தாப் போதும், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கறாரு. மொதல்ல சுவத்துல பல்லி கில்லி போகுதோன்னு நெனைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, என்னைப் பாக்கக் கூடாதுன்னே திரும்பறாருன்னு. சரி, எந்தப் பக்கம் திரும்பறாரோ அந்தப் பக்கமே போயி உக்காருவோம்னு இடது பக்கம் மாறி உக்காந்தேன். நாலு நாள் நல்லாத்தான் போச்சு. அஞ்சாவது நாள் கன்னத்துல ஒரு விரலை வெச்சுக்கிட்டு உக்காந்தாரு பாருங்க, படம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டிருக்கறவன் மாதிரி!"

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. டீ டம்ளருக்குள் அடக்கிக்கொண்டாள்.

"சிரிங்க அண்ணி, சிரிங்க. கண்ணாடிக் கடையில இவரு மேசைக்கு இடது பக்கம்தான் கண்ணாடிக்குச் சட்டம் அடிக்கிற பொம்பளை உக்காந்திருக்கா. உன் வீட்டுக்காரரு பார்வை பூரா அங்கதான்னு கடைக்குப் போயிட்டு வந்தவங்க என் காதுல போடறாங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். நேத்து நேருக்கு நேரா நின்னு கேட்டேன். என்மேல என்ன குறை, என்னைப் பாத்துச் சொல்லுங்கன்னு. அண்ணே, நான் கேக்கக் கேக்க அந்தத் தலை திரும்புது. மெதுவா. கடைசியில எனக்குத் தெரிஞ்சது அவரு காது மட்டும்தான்."

சொல்லும்போது குரல் உடைந்தது. பதினெட்டு வருடக் கல்யாணம். அழுகிறவள் இல்லை அவள்.

சலூன்காரர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "விரலை எந்தக் கன்னத்துல வெச்சாரு?"

"எந்தக் கன்னமா இருந்தா என்னண்ணே!"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர். வெட்ட உட்கார்ந்தவனின் தலையில் ஒரு தழும்பு கண்டால், அது எப்போது, எங்கே, எதனால் என்று முழுக் கதையையும் வாங்காமல் துணியை உதறமாட்டார்.

மறுநாள் மத்தியானம் சலூனில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனார். தங்கை புருஷன் அங்கே இருபது வருடமாகக் கண்ணாடி அறுக்கிறார். மரச் சட்டங்களில் பெரிய பெரிய தகடுகள் செங்குத்தாய் நின்றன. நடுவில் கம்பளி விரித்த மேசை. ஓரத்தில் ஒரு மூடியில் மண்ணெண்ணெய். அறுக்கும் கருவியின் நுனியில் இருக்கிற பொட்டளவு சக்கரத்தை அதில் நனைத்து, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கர்ரென்று ஒரு சத்தம். பிறகு கோட்டை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து ஓர் அழுத்து. டக்கென்று இரண்டாகும். இழுப்பு நடுவில் நின்றாலோ, இரண்டாம் தடவை இழுத்தாலோ தகடு போச்சு.

கண்ணாடிக்காரர் அன்று முட்டை வடிவத்தில் ஒரு நிலைக்கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அளவுகோல் உதவாது, அட்டையை வைத்துக் கையால் வளைக்க வேண்டும். சலூன்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார். மச்சினர் மேசைக்கு நேராக நிற்கவில்லை. உடம்பையே வலப்பக்கமாகத் திருகிவைத்து நின்றார். தலை இடப்பக்கம் இழுபட்டு, இல்லை இல்லை என்று சொல்வதுபோல் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. கருவியைக் கீழே வைத்தார். தாடையில் ஒரு விரலை வைத்தார். தலை நேரானது. மறுபடி கருவியை எடுத்தார். ஒரு கை அட்டையை அழுத்த வேண்டும், ஒரு கை அறுக்க வேண்டும். தாடைக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவார்? கால்வாசி வளைவு வந்ததும் தலை விலுக்கென்று போயிற்று. கோடு அட்டையை விட்டு ஓடியது.

முதலாளி சலூன்காரரைத் தனியே இழுத்தார். "இந்த வாரத்துல நாலாவது. கேட்டா சுளுக்குங்கறாரு. குடிக்கிறாரான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. சனிக்கிழமைக்கு மேல என்னால அவரை மேசையில விட முடியாது. கண்ணாடி போனாப் போகுது, கை போச்சுன்னா?"

"குடிச்சா எனக்குத் தெரியாதா? மூஞ்சிக்குப் பக்கத்துல மூஞ்சியை வெச்சுப் பிழைக்கிறவன் நான்."

இடப்பக்கம் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த பெண் சுத்தியலை நிறுத்தினாள். "எங்க போனாலும் என்னைச் சேத்துப் பேசறாங்கன்னு எனக்கும் தெரியும்ண்ணே. அவரு என்னைப் பாக்கவே இல்லை. ஒருத்தர் பாத்தா நமக்குத் தெரியாதா? தலைதான் என் பக்கம் இருக்கு. கண்ணு அந்தக் கோடிக்கு ஒதுங்கி மேசையைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. பாக்கவே பாவமா இருக்கும்."

சலூன்காரருக்கு அந்தப் பேச்சு மனதில் நின்றது. தலை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

"மாப்ளே, வாங்க. முடி காடா வளந்து கிடக்கு" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார். வெளியே தூறல், தெருவில் ஆள் இல்லை.

"நேரா பாருங்க மாப்ளே."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்."

கண்ணாடியில் தெரிந்த முகமோ சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் பொட்டில் வைத்து மெதுவாகத் திருப்பினார். உள்ளேயிருந்து யாரோ அணைத்துப் பிடித்த கதவைத் தள்ளுவதுபோல் இருந்தது. அவர் அழுத்தினால் கழுத்தும் எதிர்த்து அழுத்தியது. கையை எடுத்துவிட்டுத் தடவிப் பார்த்தார். வலது காதுக்குப் பின்னாலிருந்து முன்கழுத்து எலும்புவரை ஒரு தசை வடக்கயிறு போலப் புடைத்து நின்றது. பின்பக்கம் இடதுபுறம், மண்டைக்கு அடியில் கல்லாட்டம் ஓர் இறுக்கம். எத்தனை ஆயிரம் கழுத்தைப் பார்த்த கை அது! ஒரு பக்கம் மட்டும் பயில்வானாக இருக்கிற கழுத்தை இப்போதுதான் பார்க்கிறது.

"வலிக்குதா?"

"தோள்வரைக்கும். அஞ்சு மாசமா."

முடியை அப்புறம் வெட்டலாம், முதலில் சவரத்தை முடிப்போம் என்று நுரை போட்டார். வலது கையில் கத்தி. எல்லோருக்கும் வைப்பதுபோலவே இடது கைச் சுட்டுவிரலைத் தாடையில் சும்மா வைத்தார்.

தலை தானாக நேரே வந்தது.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். விரலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் தலை இடப்பக்கம் நகர்ந்தது. விரலை வைத்தார், வந்தது. நெற்றியில் வைத்தார், வரவில்லை. கன்னத்தில் வைத்தார், வந்தது. பின்மண்டையை நாற்காலியின் சாய்மானத்தில் படும்படி வைத்தார், பாதி வந்தது. இரண்டு கையாலும் முழு பலத்தோடு திருப்பியபோது மசியாத கழுத்து, ஈ உட்கார்ந்த கனம்கூட இல்லாத விரலுக்கு அடங்குகிறது. கடைசியாக விரலைத் தாடைக்கு அரை அங்குலம் தள்ளியே நிறுத்தினார். அப்போதும் தலை கொஞ்சம் வந்தது.

"மாப்ளே! விரல் இன்னும் படவே இல்லையே!"

"தெரியும் மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர். நுரைக்கு நடுவே கண் கலங்கியிருந்தது. "அதனாலதான் யார்கிட்டயும் சொல்லலை. ஒரு விரலை வெச்சா நேராகுதுன்னா அது என்ன வியாதி? நடிக்கிறேன்னுதான் சொல்லுவாங்க. எனக்கே சில நேரம் அந்தச் சந்தேகம் வந்துடுது, நானேதான் பண்றேனோன்னு."

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. முதலில் தலையணைதான் காரணம் என்று நினைத்திருக்கிறார். தலையணையை மாற்றினார். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய், அவர் திருகிய திருகில் மூன்று நாள் படுத்துக் கிடந்தார். கண்ணாடி மாற்றினால் சரியாகுமோ என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் போயிருக்கிறார். நடந்தால் அதிகம், படுத்தால் குறைவு. காலையில் எழுந்த முதல் பத்து நிமிடம் மட்டும் பழைய ஆளாக இருப்பாராம்.

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் அவ முன்னாடி போயி உக்காருவேன். இப்பத் திரும்பிடக் கூடாதேன்னு நெனைச்ச உடனே திரும்பிடும். அவ கோவமாயிடுவா. அவ கோவப்பட்டா இன்னும் திரும்பும். அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

சாயங்காலம் சலூன்காரர் இதை ஒரு அதிசயம்போலத் தங்கையிடம் சொன்னார். அவள் முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள், நிமிரவில்லை.

"ராத்திரி தூங்கறப்ப தலை நேராத்தான் இருக்கு. நானே பாத்திருக்கேன். ஏன், வியாதியும் கூடவே படுத்துத் தூங்கிடுமா?"

"அட, அப்படியா?"

"நான் பேசினாத் திரும்புது. தூங்கினாத் திரும்பலை. விரல் வெச்சாத் திரும்பலை. இதுக்குப் பேரு வியாதியாண்ணே?"

"தெரியலைம்மா. தெரிஞ்சுக்கலாம்னுதான் சொல்றேன். என்கிட்ட முடி வெட்ட வர்ற மருந்துக்கடைக்காரரு சொன்னாரு, பெரிய ஆஸ்பத்திரியில வெள்ளிக்கிழமை இதுக்குன்னே ஒரு டாக்டர் உக்கார்றாங்களாம். கை, கால், தலை, தன் பேச்சைக் கேக்காதவங்க எல்லாம் அங்கதான் போறாங்களாம்."

"நானும் வரேன். நடிப்புன்னு டாக்டர் வாயால சொல்லணும். அதை நான் என் காதால கேக்கணும்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். தங்கை அண்ணனுக்கு இந்தப் பக்கம், புருஷன் அந்தப் பக்கம். நீளமான தாழ்வாரம், ஈரச் செருப்புகளின் வாசம், சுவரோரமாக இரும்பு பெஞ்சுகள். சலூன்காரருக்குக் கண் இரண்டு போதவில்லை.

எதிரே ஒரு பெரியவர். மடியில் கிடந்த அவருடைய வலது கை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தது. நர்ஸ் சீட்டைக் கேட்டதும் அந்தக் கை நீண்டு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தது. எடுக்கும்போது உருட்டல் இல்லை. மடிக்குத் திரும்பியதும் மறுபடி ஆரம்பித்தது. அவருக்கு இரண்டு ஆள் தள்ளி, பள்ளிக்கூட வாத்தியாரைப் போல ஒருவர். அவருக்கு அப்படியே தலைகீழ். மடியில் கை பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடந்தது. தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனபோது நடுங்கிய நடுக்கத்தில் சட்டையெல்லாம் தண்ணீர். ஒரு பெண்பிள்ளை தோளை வெடுக்கென்று குலுக்கி, தொண்டையைச் செருமினாள். அம்மா பார்த்ததும் கொஞ்ச நேரம் அடக்கினாள். பிறகு சேர்த்து வைத்ததுபோல நாலு குலுக்கு. சலூன்காரர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவரைக் கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் குட்டிக் குட்டி எட்டு வைத்து நடந்தவர், டாக்டர் அறை வாசலுக்கு வந்ததும் பசை போட்டதுபோல நின்றுவிட்டார். கூட வந்த மனைவி இழுக்கவில்லை. தன் காலை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க" என்றாள். அவர் காலைத் தூக்கித் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாள் பையை எடுக்கத் திரும்பி வந்தபோது தங்கையால் சும்மா இருக்க முடியவில்லை. "சமதரையில நின்னுட்டாரு, காலைத் தாண்டறாரே, எப்படிங்க?"

"எப்படியோ! மாடிப்படிகூட ஏறுவாரு. வாசப்படிதான் ஆகாது. அதையாவது கண்ணால பாத்து நம்பினேன். அதுக்கு முன்னாடி மூஞ்சியில சிரிப்பே இல்லாமப் போச்சு பாருங்க, என்மேல வெறுப்புன்னு நெனைச்சு எட்டு மாசம் நானும் பேசலை. மூஞ்சித் தசை அசையலைங்கறதை டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." பையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள்.

தங்கை தன் புருஷனை எட்டிப் பார்த்தாள். அவர் கன்னத்தில் விரல் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நடுவயதுப் பெண். நிறையக் கேட்டார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, கை நடுங்குகிறதா, எழுத முடிகிறதா. பிறகு நாற்காலியை அறை நடுவில் போட்டு உட்காரவைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. தலையைப் பிடிச்சு வெக்காதீங்க. அது எங்க போகணும்னு நெனைக்குதோ, போகட்டும்."

கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார். தலை புறப்பட்டது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் போயிற்று. தாடை இடது தோளில் போய் இடித்து, அங்கேயே நின்று துடித்தது.

"இவ்வளவு தூரமா?" என்றாள் தங்கை. யாரிடம் கேட்டாளோ தெரியவில்லை.

"இவ்வளவு தூரம் இழுக்குதும்மா. அதைத்தான் நாள் முழுக்க இவரு எதிர்த்துப் பிடிச்சுக்கிட்டிருக்காரு. சாயங்காலமானா அலுத்துப்போய் விழுந்திருப்பாரே?"

"ஆமா, வந்ததும் படுத்துடுவாரு" என்றவள், வந்த காரியத்தை விடக் கூடாது என்று நிமிர்ந்தாள். "டாக்டர், ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. தூங்கறப்ப இவருக்குத் தலை நேரா இருக்கு. விரல் வெச்சாலும் நேராயிடுது. நான் பேசினா மட்டும் அதிகமாகுது. அப்ப இது… வேணும்னே பண்றதா இருக்குமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விரல் வெச்சா நேராகுதா? தொட்டாலே போதுமா?"

"தொடவே வேண்டாம் டாக்டர், பக்கத்துல போனாலே வருது!" என்று சலூன்காரர் முந்திக்கொண்டார்.

"தூக்கத்துல நேரா இருக்குன்னு நல்லாப் பாத்தீங்களா?"

"பக்கத்துலதானே படுக்கறேன்."

"நான் கேக்கணும்னு இருந்ததையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க" என்று டாக்டர் சிரித்தார். "இந்த வியாதியோட அடையாளமே அதுதாம்மா. இதுக்கு டிஸ்டோனியான்னு பேரு. இவருக்குக் கழுத்துல வந்திருக்கு. தசையில கோளாறு இல்லை. மூளைக்குள்ள ஆழத்துல, எந்தத் தசை இறுகணும், எது தளரணும்னு உத்தரவு போடற இடம் தப்பா உத்தரவு போடுது. தூங்கினா அந்த உத்தரவு நின்னுடும். தாடையைத் தொட்டா ஏன் அடங்குதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. ஆனா நிறையப் பேருக்கு அடங்குது. மனசு பதறினா அதிகமாகும், அதுக்காக இது மனசுல வந்த வியாதி இல்லை. ஸ்கேன் எடுத்தாக்கூட அநேகமா ஒண்ணும் தெரியாது. அதனாலேயே இவங்களை நடிக்கிறாங்கன்னு சொல்லிடுவாங்க. வருஷக்கணக்கா அலைஞ்சுட்டு வர்றவங்க உண்டு. நீங்க அஞ்சு மாசத்துல வந்துட்டீங்க."

"சரியாயிடுமா டாக்டர்?" இதுவரை டாக்டர் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவந்த கண்ணாடிக்காரர் கேட்டார்.

"அடியோட போகும்னு சொல்லமாட்டேன். எந்தத் தசை இழுக்குதோ அதுலயே ஊசி போட்டுத் தளர வெக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் வேலை செய்யும். மூணு மாசம் தாங்கும். அப்புறம் மறுபடி போடணும். அதுவரைக்கும் கண்ணாடி அறுக்க வேண்டாம்."

வெளியே வந்ததும் தங்கை ஏதாவது சொல்வாள் என்று சலூன்காரர் எதிர்பார்த்தார். அவள் பஸ்ஸில் புருஷனுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தாள். அவர் தன் நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் பாராமல் போய்விட்டார். திரும்பித்தான் பார்க்கவில்லையா, பார்க்க முடியவில்லையா என்று சலூன்காரர் யோசித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் ஊசி போட்டார்கள். முதலாளி டாக்டர் சீட்டைப் படித்துப் பார்த்து, ஒரு நிமிடம் தாடையைச் சொறிந்துவிட்டு, அறுக்கும் மேசைக்குப் பதில் அளவு எடுக்கும் வேலையைக் கொடுத்தார். தங்கை அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். போகும்படி யாரும் சொல்லவில்லை, கூப்பிட யாரும் வரவில்லை. ஒருநாள் அண்ணியிடம், "எந்த முகத்தோட போவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஊசி போட்டுப் பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நன்றாக வெயில் அடித்தது. சலூனை மதியத்தோடு சாத்திவிட்டு வந்த சலூன்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணாடிக்காரர் வந்தார். தலை முழுக்க நேராகிவிடவில்லை. கொஞ்சம் சாய்வு இருந்தது, ஆட்டமும் இருந்தது. ஆனால் கை கீழே தொங்கியது. கன்னத்தில் விரல் இல்லை.

தங்கை எழுந்து நின்றாள். "வாங்க. சாப்பிடுங்க."

"சாப்பாடு இருக்கட்டும். உன்கிட்டப் பேசணும்."

இருவரும் முன்னறைக்குப் போனார்கள். கதவைச் சாத்தவில்லை. அண்ணனும் அண்ணியும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு நகர்ந்தார்கள். ஆனாலும் எல்லாம் கேட்டது.

"பதினெட்டு வருஷம் கூட இருந்திருக்கே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டியா? என்மேல என்ன குறை, என்மேல என்ன குறைன்னே கேட்டே. எனக்கு என்ன குறைன்னு கேக்கலை."

தங்கையின் குரல் ஏதோ சொன்னது.

"இரு. நான் முடிச்சுக்கறேன். டாக்டர் முன்னாடி வெச்சு வேணும்னே பண்றாரான்னு கேட்டே. அந்த அம்மா ஆமான்னு சொல்லியிருந்தா? நீ என்னை விட்டுட்டுப் போயிருப்பே. அங்க உக்காந்துக்கிட்டு எனக்கு வியாதி இருக்கணும், வியாதி இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன் தெரியுமா? எவனாவது அப்படி வேண்டுவானா?"

அண்ணி சலூன்காரரின் முழங்கையைப் பிடித்தாள். "போயிச் சமாதானம் பண்ணுங்களேன். அந்த மனுஷன் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை."

"இரு. அஞ்சு மாசமா அவரால ஒருத்தரையும் பாத்துக் கத்த முடியலை."

உள்ளே இப்போது தங்கையும் பேசினாள். முதலில் அழுகையாக, பிறகு அழுகை போய்ச் சண்டையாக. "நீங்க வாயைத் திறந்து சொன்னீங்களா? சுளுக்குக்காரன்கிட்டச் சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்டச் சொல்லத் தெரியலையா? நான் என்ன அசலா?" அதற்கு அவர் ஏதோ சொல்ல, அதற்கு அவள் ஒன்று சொல்ல, இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு போயின. அடுப்பங்கரையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

திடீரென்று சத்தம் நின்றது. தங்கை பின்கட்டுக்கு வந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. இவர்களைப் பார்க்காமல் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். கொஞ்சம் யோசித்து, பாதியைக் கீழே ஊற்றினாள்.

"என்னம்மா?" என்றார் சலூன்காரர்.

"ஊசி போட்டதுலேருந்து முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்காம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கணுமாம்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க சாப்பிடுங்கண்ணே. எங்களுக்கு இன்னும் பேசி முடியலை."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவர் மடக்கு மடக்காகக் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து கண்ணாடிக்காரரின் குரல் மறுபடி தொடங்கியது.